'ங்க' போடத் தெரியாத கவிஞன்

நேரில் பார்த்தே இராத ஆளைச் 'சிங்கமே' என்று கூப்பிட்டு, அதைச் சாயங்காலத்துக்குள் அச்சடித்தும் கொடுக்கிற தொழில் ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் ஒன்பது வருஷம் நான் அதைத்தான் செய்தேன்.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜுகளுக்கும் கேசட் கடைகளுக்கும் நடுவில் ஓர் அச்சகம். மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில் ஒரு மேஜை. அதுதான் என் அரசவை. எம்.ஏ. தமிழ் முடித்து, 'கனல்மொழியன்' என்று எனக்கு நானே பட்டமும் சூட்டிக்கொண்டு வேலை கேட்டுப் போனபோது, முதலாளி என் கவிதை நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கண்ணால வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி வரவேற்பு, மூணும் வருமுங்களா?" என்றார். வரும் என்றேன். அன்றைக்கே ஒரு காதுகுத்துக்கு எழுதினேன்.

கூலிக்குப் பாட்டெழுதிய என் இனத்தாரே, அடுத்தவர் வாசிக்கப் போகிற மேடைப் பேச்சை எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்று கைதட்டியவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நாம் பட்ட பாடு மற்றவர்களுக்குப் புரியாது.

வெளியூர்க்காரர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் பக்கம் பேச்சில் 'ங்க' இல்லாமல் ஒன்றும் நடக்காது. மழை வந்தால் "மழைங்க". பஸ் போய்விட்டால் "போயிருச்சுங்க". சண்டை போடும்போதுகூட "அடிச்சுப்போடுவனுங்க" என்றுதான் சொல்லுவோம். அந்த 'ங்க'வைப் பாட்டில் போடத் தெரியாமல் என் வேலை போக இருந்தது. வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம். ஆனால் அதே 'ங்க' கிடைக்காமல் ஒருத்தர் வாழ்நாள் முழுக்க இருந்தார். அதையும் சொல்கிறேன்.

மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி

கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு விவசாயச் சங்கத் தலைவர். பெரிய தென்னந்தோப்பு, கோழிப்பண்ணை, ஜீப் எல்லாம் உண்டு. தோட்டத்துக்காரர் என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. சங்கத்து வேலை எல்லாம் எங்கள் அச்சகத்துக்குத்தான் வரும். அவர் ஒரு மாநாட்டுக்கு வருகிறார் என்று அவருடைய ஆட்கள் போஸ்டர் கேட்டார்கள். நானும் புதுசு. ரத்தம் சூடு. "ஏரின் தலைவா எழுந்துவா! எங்கள் ஊரின் உயிரே விரைந்துவா!" என்று முழங்கிவிட்டேன். ரெண்டு கலரில் அடித்து ஊரெல்லாம் ஒட்டினார்கள்.

மறுநாள் காலையில் ஜீப் வந்து நின்றது. மனுஷன் போஸ்டரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கத்தவில்லை, திட்டவில்லை. என் மேஜைக்கு முன்னால் குனிந்து நின்று, "ஏனுங்க கவிஞர் தம்பி, எங்க கட்டுத்தறியில நிக்கற மாட்டத்தானுங்க 'வா'ன்னு கூப்புடுவம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் படித்த திமிர் விடுமா? "ஐயா, பாட்டுல அப்படித்தானுங்க. முருகனையே 'வா'ன்னுதான் பாடியிருக்காங்க. சாமிக்கே நீ, உனக்குன்னுதான் வரும்" என்று ஒரு சின்ன வகுப்பே எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சாமி கோயிலுக்குள்ள இருக்குதுங்க தம்பி. நான் ஊருக்குள்ள இருக்கறனுங்க."

தப்பிக்க ஒரு சொல்

ஜீப் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவரும் கத்தவில்லை. எங்கள் ஊரில் இதுதான் கஷ்டம், யார் கோபமாக இருக்கிறார்கள் என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. "இன்னொருக்கா தோட்டத்துக்காரரு கடைக்கு வந்து இப்படி நின்னாருன்னா, உங்க மேஜைய எடுத்துப்போட்டு அந்த எடத்துல பேப்பர் பண்டல் அடுக்கிருவனுங்க" என்றார். வேலையை விட்டு அனுப்புவதைக்கூட எத்தனை மரியாதையாகச் சொன்னார் பாருங்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. 'வாருங்கள்' என்று போட்டால் ஓசை இழுக்கிறது. 'வாங்க' என்று போட்டால் பேச்சாகிவிடுகிறது, என் எம்.ஏ. என்ன ஆவது? மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் ஒரு சொல்லைப் பிடித்தேன். 'வருக!' அதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. மரியாதை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் 'வருக, வருக' என்று ஏன் கத்துகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்தச் சொல்லைக் கண்டுபிடித்த புண்ணியவான் நிச்சயம் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்திருப்பான். கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிற மல்லிகாவிடம் பெருமையாக விளக்கினேன். பத்தாவது வரைக்கும் படித்த பெண், நான் எழுதுகிற அத்தனையையும் என்னைவிடக் கவனமாகப் படிக்கிற ஆள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "நல்லதுங்ணா. யாரையும் கூப்புடாமயே கூப்பிட்டுட்டீங்க."

ஞ என்ற எழுத்தும் ஒரு வட்டச் செயலாளரும்

ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் வந்தார். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்சியிலும் இவர் உண்டு. மாவட்டத்திலிருந்து ஞானசேகரன் என்ற பிரமுகர் வருகிறார், ஆரம்பம் முதல் கடைசி வரை ஞ-விலேயே அடுக்குமொழி வேண்டும் என்றார். 'ஞாயிறே, ஞாலமே, ஞானமே' என்று மூன்று அடி வைத்தேன். நாலாவது அடி எங்கே வைப்பது? ஞ-வில் தமிழில் என்ன இருக்கிறது சொல்லுங்கள். நாளைக்கு வாங்க என்று அனுப்பினேன்.

மறுநாள் அவர் நேராக மல்லிகாவிடமே போய் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து அடிக்கச் சொல்லியிருக்கிறார். பிழை பார்க்க என் மேஜைக்கு வந்த தாளில் 'ஞாலம் போற்றும் ஞமலியே!' என்று கொட்டை எழுத்தில் நின்றது. "ஐயோ, ஞமலின்னா நாய்ங்க! பழைய தமிழ்ல நாய்க்கு அப்படி ஒரு பேருங்க" என்று ஓடினேன். அவர் அசரவே இல்லை. அகராதியில் ஞ பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் பட்டதாம், அர்த்தம் வரைக்கும் போகவில்லையாம். "ஓசை நல்லாத்தானுங்க இருக்குது, உட்டுருங்க" என்றார். கூட்டத்தில் தமிழ் படித்த ஒருத்தர் இருந்தால் மானம் போய்விடுமே என்று பதறினேன். அவர் சிரித்துக்கொண்டே தோளைத் தட்டினார்: "தமிழ் படிச்சவிங்க நம்ம கூட்டத்துக்கு எதுக்குங்க வாறாங்க?"

ஊட்டுல ஒண்ணு, ரோட்டுல ஒண்ணு

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்காரர். மாநகராட்சித் தேர்தலில் நிற்க ஆசை. தாய்மொழியாம் தமிழுக்கு உயிரையே கொடுப்பேன் என்கிற மாதிரி எட்டு வரி வேண்டும் என்று வந்தார். சொல்லிக்கொண்டு இருக்கும்போதே அவர் மனைவி பட்டுக்கடையிலிருந்து எங்கள் அச்சகத்துப் போனுக்குக் கூப்பிட்டார். எடுத்தவர் கடகடவென்று தெலுங்கில் பேசினார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எட்டு வரியைப் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவர்தான் பேச்சை ஆரம்பித்தார். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பமாம். எழுதப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்தானாம். "எங்க பாஷையிலயும் 'ரா'ன்னா வா, 'ரண்டி'ன்னா வாங்க. மரியாதைக்கு ரெண்டுலயும் ஒரு வாலு இருக்குதுங்க" என்றார். நான் 'தாய்மொழியாம்' என்பதை அடித்துவிட்டு 'வாய்மொழியாம்' என்று எழுதிக் காட்டினேன். மனுஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பொய்யும் இல்லீங்க, குறையும் இல்லீங்க. ஊட்டுல தெலுங்குங்க, ரோட்டுல தமிழுங்க. ரெண்டும் என்னோடதுதான். ஓட்டு ரோட்டுலதானுங்களே இருக்குது!"

காயிதத்திலாவது ஒருக்கா

அப்புறம் ரொம்ப வருஷம் கழித்து ஊராட்சித் தேர்தல் வந்தது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் தலைவர் பதவிகள் ஒதுக்கினார்கள். எங்கள் அச்சகத்தில் மெஷின் நிற்கவே இல்லை. வேட்பாளர் படத்தைவிட அவர் புருஷன் படம் பெரிசாக இருக்கும் நோட்டீஸ்களாக அடித்துத் தள்ளினோம்.

அந்தச் சமயத்தில்தான் மாராத்தாள் வந்தார். இன்றைக்கு 'வந்தார்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு நான் மனசுக்குள் நினைத்தது 'வந்தாள்' என்றுதான். நான் பிறந்த ஊருக்கு அடுத்த ஊர், தோட்ட வேலைக்குப் போகிறவர், வயது என் வயதுதான் இருக்கும். தோட்டத்துக்காரர் ஊரும் அதேதான். அந்த ஊராட்சி தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும், தோட்டத்துக்காரர் தன் பண்ணையத்தில் வேலை செய்கிறவரின் மனைவி ரங்கம்மாளை நிறுத்திவிட்டார். ஜெயித்தால் கையெழுத்து அந்தம்மா போடும், நாட்டாமை இவர் பண்ணுவார். மாராத்தாளை யாரும் நிறுத்தவில்லை. அவராகவே நின்றார். பூட்டு சாவி சின்னம்.

"வா, உக்காரு. எந்த ஊரு? என்ன எழுதோணும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டேன். புரட்சிக்குக் கிடைத்த சந்தர்ப்பம் இல்லையா, நான் விடுவேனா? ரெண்டு நாளில் தயார் பண்ணி, அவர் திரும்பி வந்தபோது எழுந்து நின்றே வாசித்தேன். "எழுந்துவா தாயே! எளியவர் கனலே! நீ நடந்தால் நிலம் அதிரும்! நீ நிமிர்ந்தால் வான் குனியும்!" வாசித்து முடித்தபோது எனக்கே புல்லரித்தது.

மாராத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "நெம்ப நல்லாருக்குதுங்க. ஒரு சங்கதி மட்டுமுங்க. எல்லா எடத்துலயும் 'நீ'ன்னு வருதுங்களே" என்றார். சரி, இதற்குத்தான் நம்மிடம் வகுப்பு தயாராக இருக்கிறதே. சாமிக்கே நீ, அரசனுக்கே நீ, தமிழுக்கே நீ என்று ஆரம்பித்தேன். நான் முடித்த பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்.

"அவிங்களுக்குச் செரிங்க. வருசம் பூரா நீங்க, வாங்கன்னுபோட்டு, பாட்டுல ஒருக்கா 'நீ'ன்னா அது ருசியா இருக்குமுங்க. என்னைய எங்கூர்ல பொடுசுங்ககூட வா, போ, நீன்னுதான் கூப்புடுதுங்க. எனக்குப் பாட்டுலயும் அதே வந்தா என்னுங்க வித்தியாசம்? காயிதத்துலயாவது ஒருக்கா 'ங்க' போட்டுருங்க."

நான் ஏதோ சொல்லி, மாற்றித் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவர் வாசல் படி இறங்கின பிறகு மல்லிகா நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. "அண்ணா, ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டாங்க. நீங்க அவிங்களுக்கு வாயில ஒரு 'ங்க'கூடக் குடுக்கலீங்ணா."

தேங்காய் போடுகிறவரிடம்

வெட்கமாக இருந்தது. கவிதையில் மாற்றுவது அப்புறம், முதலில் வாயை மாற்றலாம் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். எங்களுக்கும் சின்னத் தோப்பு ஒன்று உண்டு. தேங்காய் போட வருகிற ஆறுமுகத்துக்கு என் அப்பா வயது. நான் தவழ்ந்த காலத்திலிருந்து அவரை 'டே ஆறுமுகம்' என்றுதான் எங்கள் வீட்டில் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன். புரட்சிக் கவிதை எழுதின வருஷங்களிலும் அப்படியேதான் கூப்பிட்டேன். ஒரு நாளும் உறைத்ததில்லை.

அன்றைக்கு அவர் மரத்தை விட்டு இறங்கியதும், "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றேன். சொல்லும்போதே என் நாக்கு எனக்கே புதுசாக இருந்தது. அவர் உட்காரவில்லை. இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். வேலையிலிருந்து நிறுத்தப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். "ஏனுங்க சின்னவரே, எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா?"

வாலில் கட்டிய பாட்டு

திங்கட்கிழமை மேஜையில் உட்கார்ந்தேன். வழக்கமான குறுக்கு வழி நினைவுக்கு வந்தது. 'வருக தாயே, வெல்க தாயே' என்று போட்டுவிட்டால் நீயும் வராது, நீங்களும் வராது. எழுதியும் விட்டேன். மல்லிகா எட்டிப் பார்த்தாள். "அவிங்க 'நீ'யை எடுக்கச் சொல்லலீங்ணா. 'ங்க' போடச் சொன்னாங்க" என்றாள். தாளைக் கசக்கினேன்.

ஒரு பயமும் இருந்தது. மேடையில் வாசிக்கிறவன் நினைத்தால் 'ங்க'வை விழுங்கிவிடலாம். 'வாராங்க' என்று நான் எழுதி, ஊரில் ஒருத்தன் 'வாரா' என்று வாசித்தால் என்ன செய்வது? யோசித்து யோசித்துக் கடைசியில் அந்த 'ங்க'வையே ஒவ்வொரு அடியின் கடைசியிலும் வைத்துக் கட்டினேன். இயைபு என்று வகுப்பில் படித்ததை முதல் தடவையாக ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தினேன். எடுத்தால் பாட்டே உட்கார்ந்துவிடும். என் எம்.ஏ.வை ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் ஊர் வாயிலேயே எழுதினேன்:

மாராத்தா வாராங்க,
நம்ம ஊருக்கு வாராங்க!
தண்ணிக்கு நின்னவங்க,
அந்தத் தவிப்பெல்லாம் கண்டவங்க!
ஞாயத்தக் கேப்பாங்க,
ஒரு நாளும் மறக்காங்க!
பூட்டுச் சாவிதாங்க,
ஓட்டுப் போட்டுக் குடுப்பீங்க!

'மறக்காங்க' என்று எங்கேயும் யாரும் சொல்லமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஓசைக்காக விழுந்தது, விட்டுவிட்டேன். மாராத்தாள் வந்தபோது எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, ஒவ்வொரு அடியாகப் படித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலாளி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். தோட்டத்துக்காரர் ஊர் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. ஆனால் வந்த வேலையைத் திருப்பி அனுப்புகிற ஆள் இல்லை அவர். மெஷினுக்குத் தாளை அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "அடிச்சுத் தந்துருவமுங்க. ஜீப்பு வந்துச்சுன்னா மட்டும் மேஜைய நீங்களே காலி பண்ணிருங்க."

ஜீப் வந்தது

நாலாம் நாள் வந்தது. தோட்டத்துக்காரர் கையில் அந்த நோட்டீஸ். முதலாளி எழுந்து நின்றார். நான் டிராயரைத் திறந்து என் பேனா, டிபன் டப்பா, கவிதை நோட்டு மூன்றையும் எடுத்து மேலே வைத்தேன். இந்தத் தடவை வகுப்பு எடுக்கிற உத்தேசம் இல்லை. மன்னிப்புக் கேட்கிற உத்தேசமும் இல்லை.

"இதென்னுங்க எழுதியிருக்கறீங்க?" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கடையில் இருந்த நாலைந்து பேருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்க ஆரம்பித்தார். "மாராத்தா வாராங்க..." நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நம்ம ஊருக்கு வாராங்க..." மறுபடியும் நின்றார். மூன்றாவது அடியில் 'ங்க'வை விட்டுவிட்டு வாசித்துப் பார்த்தார். பாட்டு நொண்டியது. அவர் காதுக்கே அது பிடிக்கவில்லை போல, திரும்ப முதலிலிருந்து ஒழுங்காக வாசித்தார். கோபமாக வாசித்தார், ஆனால் எட்டு அடியையும் முழுசாக வாசித்தார். மெஷின் ஓட்டுகிறவர்கூட நிறுத்திவிட்டு வந்து நின்று கேட்டார்.

கண்ணாடியைக் கழற்றினார். நான் நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். "ஏனுங்க கவிஞர் தம்பி, எனக்கு எழுதுனப்ப 'வா'ன்னு மாட்டக் கூப்புடறாப்பல எழுதிப்போட்டீங்க. அவிங்களுக்கு மட்டும் வாராங்க, கேப்பாங்கன்னு எப்படீங்க வந்துச்சு?" என்றார். நிஜமாகவே அவருக்கு அதில்தான் வருத்தம்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்பத் தெரியலீங்க, இப்பத்தான் கத்துக்கிட்டனுங்க" என்றேன். பொய் இல்லை அது. அவர் முதலாளி பக்கம் திரும்பினார். "எங்க ரங்கம்மாளுக்கும் இதே மெட்டுல ஒண்ணு வேணுமுங்க. இதைவிட ரெண்டு 'ங்க' சேத்திப்போட்டு எழுதச் சொல்லுங்க."

போய்விட்டார். மேஜை தப்பித்தது. முதலாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். நான் டிபன் டப்பாவை மறுபடி டிராயருக்குள் வைத்தேன். மல்லிகா மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். வாயைப் பொத்தியிருந்தாள். கேட்டதற்குச் சொன்னாள்: "அண்ணா, தோட்டத்துக்காரரு கவனிக்காமயே மாராத்தாள 'அவிங்க'ன்னுட்டாருங்ணா!"

நன்றி நோட்டீஸ்

ரங்கம்மாளுக்கும் எழுதினேன். பத்து 'ங்க' போட்டேன். அந்த ஊர்ச் சுவர்களிலும் கம்பங்களிலும் தோட்ட வேலைக்குப் போகிற ரெண்டு பெண்களின் பெயர் மரியாதையோடு எதிரும் புதிருமாக ஒட்டியிருந்தது. எதற்கு எது சளைத்தது என்று ரெண்டு பக்கத்து ஆட்களும் மைக்கில் பாடிக்கொண்டு போனார்களாம். ஊரே 'ங்க' மழையில் நனைந்தது.

மாராத்தாள் தோற்றுவிட்டார். கொஞ்ச ஓட்டில்தான். கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பாட்டைப் பார்த்துத்தானே தோட்டத்துக்காரரும் ஒன்று கேட்டு வாங்கினார், நானே எழுதிக் கொடுத்து நானே தோற்கடித்துவிட்டேனே என்று இருந்தது. ஒரு வாரம் கழித்து மாராத்தாளே படியேறி வந்தார். என்ன சொல்லுவாரோ என்று எழுந்து நின்றேன். ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்லி நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றார். ஜெயித்தவர்கள் நன்றி நோட்டீஸ் அடித்துப் பார்த்திருக்கிறேன். தோற்றவர் அடித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

பாட்டு வேண்டுமா என்றேன். வேண்டாமாம், நாலு வரி வசனம் போதுமாம். சொல்லச் சொல்ல எழுதினேன். ஓட்டுப் போட்டவிங்களுக்கு நன்றிங்க. போடாதவிங்களுக்கும் நன்றிங்க. ஒரு எழுத்தும் நான் மாற்றவில்லை. "என் பாட்டுனால உங்களுக்கு ஒரு நல்லதும் ஆகலியேங்க, மன்னிச்சுக்கோங்க" என்றேன். "அதெப்படீங்க ஆகலைன்னு சொல்றீங்க?" என்று சிரித்தார். வேலை முடிந்து அவர் வீதியில் போனால் பிள்ளைகள் பின்னாலேயே வந்து 'மாராத்தா வாராங்க, நம்ம ஊருக்கு வாராங்க' என்று கத்துகின்றனவாம். தோற்றுப் போனதைக் குத்திக்காட்டுகிற கேலி. எனக்குச் சுருக்கென்றது. அவர் என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்: "கேலிக்குத்தானுங்க பாடுதுங்க. பாடட்டுமுங்க. என்னையக் கேலி பண்ணோணும்னாக்கூட இனி 'ங்க' போட்டுத்தானுங்களே ஆகோணும்!"

ஒன்பது வருஷத்தில் எத்தனையோ சிங்கங்களையும் சூரியன்களையும் எழுதி ஒட்டினேன். அத்தனையும் மழையில் கிழிந்து போச்சு, மாராத்தாளம்மா திருத்திக் கொடுத்த ரெண்டு எழுத்து மட்டும் என் வாயோடு ஒட்டிக்கிடுச்சுங்க.